நாலுகால் ரோபோவுக்கு மேல கை பூட்டினா குப்புற விழுது: சேர்வோவை மாத்த வேணுமா, நடையை மாத்த வேணுமா?

உப்புவெளி_நாலுகால்:
வணக்கம். காலுக்கு மூண்டு வீதம் 12 சேர்வோ (சொன்ன பாகைக்குத் திரும்பி நிக்கிற மோட்டர்), எல்லாம் எம்ஜி 996ஆர் மாடல். தொடை 10 செ.மீ., கீழ்க்கால் 10 செ.மீ., முன்கால் பின்கால் இடைவெளி 22 செ.மீ., மொத்தம் 2 கிலோ. மூளையா ஈஎஸ்பி 32 கொன்ரோலர், சேர்வோக்களுக்குச் சிக்னல் பிரிச்சுக் குடுக்க பிசிஏ 9685 போர்ட், 2 செல் லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி. சீமெந்துத் தரையில மூலைக்கால் ரெண்டு ரெண்டாத் தூக்கி ட்ரொட் நடை நல்லா நடக்குது.

கடற்கரையில கிடக்கிற பிளாஸ்டிக் போத்தல் பொறுக்க 350 கிராம் கை ஒண்டு பூட்டியிருக்கு. கையை நீட்டி 150 கிராம் தூக்கிக்கொண்டு அடி வைச்சா முன்னுக்கு விழுது. முழங்கால் சேர்வோ நடுங்கிச் சூடாகுது. காய்ஞ்ச மணலில கால் புதைஞ்ச உடனே ஈஎஸ்பி ரீசெட். 25 கிலோ செ.மீ. முறுக்குவிசைச் சேர்வோ போட்டா மூண்டும் சரிவருமா?

முழங்கால்_முறுக்கு:
விழுறதுக்கும் சேர்வோவுக்கும் சம்பந்தமில்லை, தம்பி. கணக்கைப் பாருங்கோ. உடம்பு நடுவில இருந்து போத்தல் 31 செ.மீ., கையின்ர பாரம் 18 செ.மீ. முன்னுக்கு எண்டு வைப்பம். 0.15×31 + 0.35×18 = 10.95. மொத்தம் 2.5 கிலோவால பிரிச்சா பாரமையம் 4.4 செ.மீ. முன்னுக்குப் போயிட்டுது. நாலு காலும் ஊண்டி நிக்கேக்க பிரச்சினையில்லை, 70 வீதம் முன்காலுக்கு ஏறும், அவ்வளவுதான். ஆனா ட்ரொட்டில உடம்பைத் தாங்கிறது ஒரு மூலைவிட்டக் கோடு மட்டும். பாரமையம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னுக்கு நிண்டா விழாமல் என்ன செய்யும்?

பற்றரியைப் பின்னுக்குத் தள்ளினாச் சரி எண்டு சொல்லுவினம். 120 கிராம் பற்றரியை 11 செ.மீ. பின்னுக்குக் கொண்டுபோனா அரை செ.மீ. தான் திரும்பி வரும். காணாது.

செய்ய வேண்டியது: நாலு காலும் தரையில இருக்கேக்க மட்டும் கையை நீட்டுங்கோ. எடுத்ததும் முதுகுக்கு மேல மடியுங்கோ. போத்தல் 5, கை 4 செ.மீ. இல வந்தா பாரமையம் 1 செ.மீ. க்குள்ள. பிறகு ட்ரொட் வேண்டாம், ஒவ்வொரு காலாத் தூக்குற தவழ் நடை. தூக்கப் போற காலுக்கு எதிர் மூலைப் பக்கமா உடம்பை 3 செ.மீ. சாய்ச்சிட்டுத்தான் அந்தக் காலைத் தூக்க வேணும்.

முழங்கால் வேற கதை. தொடை நிலைக்குத்தில இருந்து 45 பாகையில மடிஞ்சு நிண்டா முழங்கால் பாதத்துக்கு நேர்கோட்டில இருந்து 7 செ.மீ. விலகும். ரெண்டு காலில 2.5 கிலோ, ஒரு காலுக்கு 1.25: முறுக்கு 8.8 கிலோ செ.மீ. 6 வோல்ட்டில இந்தச் சேர்வோ சுத்த முடியாமல் நிண்டுபோற முறுக்கே 11 தான், பாதிக்கு மேல தொடர்ந்து கேட்டா சூடாகும். தொடையை 30 பாகைக்கு நிமித்துங்கோ, 6.25 ஆகக் குறையும். உடம்பு 14 இல இருந்து 17 செ.மீ. க்கு உயரும், அதால வேகத்தைக் குறைக்க வேணும். அதுக்குப் பிறகும் சூடெண்டா நாலு முழங்காலுக்கு மட்டும் பெரிய சேர்வோ போடுங்கோ.

கடல்காத்து:
ரீசெட் கரண்ட் பிரச்சினை. சேர்வோ ஒண்டு இறுகினா 2.5 அம்பியர், 12உம் சேர்ந்தா 30. பிசிஏ போர்ட்டின்ர மெல்லிய செம்புப் பாதையால அதை அனுப்பக்கூடாது. அந்தப் போர்ட்டில இருந்து சிக்னல் வயரை மட்டும் எடுங்கோ. இடப்பக்கக் காலுக்கு ஒண்டு, வலப்பக்கத்துக்கு ஒண்டு எண்டு 15 அம்பியர், 6 வோல்ட் யூபெக் (பற்றரி வோல்ட்டைக் குறைச்சுக் குடுக்கிற சுற்று) ரெண்டு. ஈஎஸ்பிக்குத் தனியா 5 வோல்ட். கிரவுண்ட் (மைனஸ்) வயர் எல்லாம் ஒண்டாச் சேர வேணும். சீரியல் மொனிட்டரில ‘பிரவுன்அவுட்’ (வோல்ட் இறங்கிட்டுது) எண்டு வந்தா சந்தேகமே வேண்டாம். மல்ட்டிமீட்டரில தேடாதையுங்கோ, அந்தக் கண நேர இறக்கத்தை அது காட்டாது. லிப்போவை நேரடியாச் சேர்வோவுக்குக் குடுக்கவும் வேண்டாம்: முழுச் சார்ஜில 8.4 வோல்ட், இதின்ர எல்லை 7.2.

மணலுக்கு: 1.5 செ.மீ. உருண்டைப் பாதத்தில சதுர செ.மீ. க்கு அரைக் கிலோவுக்கு மேல அழுத்தம். பழைய ரப்பர் செருப்பில 5 செ.மீ. வட்டம் வெட்டிப் போட்டா 11 மடங்கு குறையும். இறுக்கி ஒட்டாதையுங்கோ, கால் சரியேக்க விளிம்பு மணலைக் கிண்டும். 20 பாகையாவது ஆட விடுங்கோ. காலை முதல்ல நேர மேல 4 செ.மீ. தூக்கி, பிறகு முன்னுக்குக் கொண்டுபோங்கோ.

உப்புவெளி_நாலுகால்:
நன்றி அண்ணைமார். தண்ணி ஓரத்து ஈரமணல் இறுக்கமா இருக்குது, அங்க ஓட்டலாமா?

கடல்காத்து:
நடைக்கு நல்லம், சேர்வோவுக்குக் கூடாது. எம்ஜி 996ஆர் தண்ணி தாங்காது. உப்பு உள்ள போனா பொட்டென்சியோமீட்டர் (பாகையை அளக்கிற பாகம்) அரிச்சு, நிக்கிற இடத்திலயே துடிக்கும். வெளித்தண்டைச் சுத்தி சிலிக்கன் கிரீஸ் பூசி, அலை தொடாத மேட்டில ஓட்டுங்கோ.