அரிசி மூடை நிரப்பும் இயந்திரத்தின் பிஎல்சி நிரலைக் கணினியில் சோதிக்க உதவி வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கந்தளாயில் ஓர் அரிசி ஆலைக்கு 50 கிலோ மூடை நிரப்பும் இயந்திரம் செய்கிறோம். கட்டுப்படுத்துவது சீமென்ஸ் எஸ்7-1200 என்ற பிஎல்சி, அதாவது இயந்திரத்தை நிரல்படி இயக்கும் சிறு தொழிற்சாலைக் கணினி. பொருத்தும் வேலை முடியவில்லை, ஆனால் நிரல் தயார். அறுவடை நெல் வந்து குவிந்த பிறகு ஆலையை நிறுத்திவைத்துப் பிழை தேட முடியாது. அதனால் மின்சாரம் கொடுக்கும் முன்பே எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

பிஎல்சி போலக் கணினியில் நடிக்கும் பிஎல்சிசிம் மென்பொருளில் நிரல் ஓடுகிறது. தொழிற்சாலையைத் திரையில் உருவாக்கிக் காட்டும் ஃபேக்டரி ஐ/ஓ மென்பொருளில் கன்வேயரும் சென்சர்களும் சரி. சிக்கல் எடையில்தான். வால்வு மூடிய பின்னும் காற்றில் இருக்கும் அரிசி மூடைக்குள் விழும். அந்தக் கூடுதல் எடையைக் கணித்து முன்கூட்டியே மூட வேண்டும். வால்வு திறந்திருக்கும்போது எடையைக் குறிக்கும் 0 முதல் 27648 வரையான அனலாக் மதிப்பைச் சீராக ஏற்றினால் இந்தத் தாமதம் வருவதில்லை, எல்லா மூடையும் அச்சொட்டாக 50 கிலோ காட்டுகிறது. அதை நம்பி ஆலைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

தாமதத்தையும் லோட்செல் (எடை உணரி) அதிர்வையும் எப்படிச் சேர்க்கலாம்? இயந்திரம் போல நடிக்கும் ஒரு தனி ஃபங்ஷன் பிளாக்கை (நிரல் பகுதியை) அதே பிஎல்சியில் எழுதுவதா, வெளியே பைத்தானில் வைப்பதா? ஸ்கேன் நேரம் (பிஎல்சி நிரலை ஒருமுறை ஓட்டி முடிக்கும் நேரம்) குழம்பிவிடுமோ என்பதே என் பயம்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் உண்மையான வயரிங்கில்தான் சோதிப்பேன், அதில் மாற்றமில்லை.

திருகோணமலை, கிண்ணியாப் பக்கம் இதைச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மடிக்கணினியோடு நேரிலேயே வருகிறேன்.