புதுப்பிப்பு: க்ளாக் 19-க்கு உறை வாங்கியாச்சு

டெக்சாஸில் இருக்கிறேன், க்ளாக் 19 கைத்துப்பாக்கியை இடுப்பில் வைக்கத் தோல் உறை நல்லதா, கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறை நல்லதா என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? கைடெக்ஸ்தான் வாங்கினேன். காரணம் என் பழைய தோல் உறை. அதன் வாய் தொய்ந்து உள்பக்கமாக மடிந்திருந்தது. துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு டிரிகரில் மாட்டினால் போதும், குண்டு தொடையில்தான். க்ளாக்கில் கட்டைவிரலால் போடும் பூட்டும் கிடையாது. புது உறை டிரிகரையும் சுற்றியுள்ள வளையத்தையும் முழுக்க மூடுகிறது.

மேகசினை (குண்டுகள் இருக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பர் (சுடத் தயாராகக் குண்டு உட்காரும் இடம்) காலியா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, உறையில் போட்டு மெத்தைக்கு மேல் தலைகீழாக உதறினேன். நழுவி விழுந்தது! பக்கத்துத் திருகை அரைச் சுற்று இறுக்கியதும் சரியாக நின்றது. அப்புறம், சாதாரண பெல்ட் கனம் தாங்காமல் தொங்குகிறது. கெட்டியான பெல்ட் ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன். காரில் உட்கார்ந்தால் விலாவில் குத்துவது மட்டும் இன்னும் தீரவில்லை.