அக்காவின் பழைய மடிக்கணினி: லினக்ஸ் போடுவதா, எடைக்குப் போடுவதா?

நொய்யல்கரை (திருப்பூர்):
அனைவருக்கும் வணக்கம். அக்கா பிளஸ் டூ படித்தபோது, 2012-இல், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். வந்தபோது விண்டோஸ் 7-உம், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) அருகருகே இருந்தன. பாஸை அன்று யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரியில் நின்றுவிட்டது, குரோமும் அதில் 109-ஆம் பதிப்புக்கு மேல் வராது. எனக்குப் பின்னலாடைகளுக்கான சிறிய செக்கிங், அயர்னிங் யூனிட் ஒன்று இருக்கிறது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு இதை அங்கே பயன்படுத்தலாமா, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடலாமா?

சிறுவாணி (கோவை):
கொடுத்துவிடுங்கள். கணினி பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால் சொல்கிறேன். லினக்ஸ் எடை குறைந்ததாக இருக்கலாம், இணையம் அப்படி இல்லை. டெஸ்க்டாப் சில நூறு எம்பியில் அடங்கிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிரவுசரில் மெயில், வாட்ஸ்அப், ஜிஎஸ்டி தளம் என்று மூன்றைத் திறந்தவுடன் மீதி ரேமும் தீர்ந்து, ஹார்டு டிஸ்க் கடகடவென்று ஓடத் தொடங்கும். கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸுக்கு வருவதே இல்லை. டாலி இல்லாமல் திருப்பூரில் எந்த யூனிட் கணக்கு எழுதுகிறது? இதோடு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிப்பதைவிட, 8 ஜிபி ரேம் உள்ள பழைய அலுவலக மடிக்கணினி ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது.

கூடுதுறை (ஈரோடு):
சிறுவாணி அண்ணன் சொல்வதில் பாதியை மறுக்காமல் ஏற்கிறேன். 2 ஜிபி ரேமில் நாள் முழுக்க பிரவுசரோடு வேலை செய்ய முடியாது. ஆனால் நொய்யல்கரை கேட்டது அதுவல்ல, "எதற்காவது" பயன்படுமா என்பதுதான். முதன்மைக் கணினியின் இடத்தில் இதை உட்காரவைப்பதால்தான் எல்லோருக்கும் வெறுத்துப்போகிறது. ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுத்தால் இதே கணினி சலிக்காமல் செய்யும்.

எங்கள் மஞ்சள் மண்டியில் டாலி ஓடுவது விண்டோஸ் கணினியில்தான். மேசைக்குக் கீழே, மூடிய நிலையில், இதே வயதுள்ள மடிக்கணினி ஒன்று ஆன்டிஎக்ஸ் என்ற எடை குறைந்த லினக்ஸோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இரவு எட்டரைக்கு, டாலியை மூடிய பிறகு, அது விண்டோஸ் கணினியின் டாலி கோப்புறையைத் தானே எடுத்து, அன்றைய தேதியிட்ட கோப்புறையில் சேர்த்துக்கொள்ளும். கடைசி ஏழு நாட்களின் நகல்கள் எப்போதும் இருக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விண்டோஸ் அனுப்புவதில்லை, லினக்ஸ்தான் போய் எடுத்து வருகிறது. நகல் இருக்கும் இடத்தில் எழுதும் உரிமை விண்டோஸுக்கு இல்லாததால், அங்கே கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தாலும் இங்கே கைவைக்க முடியாது. மூடியை மூடினால் தூங்கிவிடாதபடி அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, லினக்ஸ் நின்றுவிட்டது என்று திட்டுகிறார்கள்.

சிறுவாணி (கோவை):
பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய ஹார்டு டிஸ்க்கில் கணக்கின் நகலை வைப்பது, பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது போலத்தான். மின்சாரத்தையும் யாரும் பேசவில்லை. 20 வாட் என்று வைத்தாலும், 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 0.48 யூனிட், இரண்டு மாத பில்லில் சுமார் 29 யூனிட். வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச மின்சாரச் சலுகை தொழிற்கூட இணைப்புக்குக் கிடையாது. அதே வேலையை ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி 5 வாட்டுக்குள் முடித்துவிடும். இன்னொன்று, சார்ஜிலேயே வருடக்கணக்காகக் கிடந்து பேட்டரி உப்பி, டச்பேடு மேலே எழும்பிய மடிக்கணினிகள் என் மேசைக்கு மாதம் ஒன்றாவது வருகின்றன. பஞ்சு பறக்கும் யூனிட்டில் அப்படி ஒன்றை வைக்கச் சொல்லாதீர்கள்.

கூடுதுறை (ஈரோடு):
டிஸ்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்: எங்களுடையதில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி மாற்றிய பிறகுதான் நகல் வைக்கத் தொடங்கினோம். பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிட வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. மின்சாரக் கணக்கை ஏற்கமாட்டேன். காலையில் திறந்து இரவு ஒன்பதுக்கு அணைக்கும் யூனிட்டில் 24 மணி நேரக் கணக்கு எதற்கு? ராஸ்ப்பெரி பை வாங்கினாலும் அதற்கு அடாப்டர், மெமரி கார்டு, பெட்டி என்று தனித்தனியாக வாங்க வேண்டும். இதில் திரையும் விசைப்பலகையும் கூடவே இருக்கின்றன.

ஆழியாறு (பொள்ளாச்சி):
நீங்கள் இருவரும் யூனிட்டை விட்டு நகரமாட்டேன் என்கிறீர்கள். நான் ஆசிரியை. என்னிடம் இருந்த 2 ஜிபி கணினியில் லுபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு, இணையம் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலி வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன். இணையம் இல்லாமலேயே பிள்ளைகள் தேடிப் படிக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. ஒரு தொல்லையை மட்டும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்களைத் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் அந்தத் தலைவலி இல்லை.

சிறுவாணி (கோவை):
அம்மணி, பிள்ளைகள் யூடியூப் கேட்கும் நாளில் மறுபடி எழுதுங்கள்.

ஆழியாறு (பொள்ளாச்சி):
கேட்டார்கள். திக்கித் திக்கித்தான் ஓடியது. அதன் பிறகு கேட்பதில்லை, அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

நொய்யல்கரை (திருப்பூர்):
நேற்று இரவு அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினேன். காற்றாடிக்கும் வெப்பம் வெளியேறும் தகட்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒரு விரல் பருமனுக்குத் திரண்டு, துணி போலவே நெய்துகொண்டிருந்தது; இடுக்கியால் ஒரே துண்டாக உரித்து எடுத்தேன். இதுவரை கணினி சூடாகி நின்றதெல்லாம் விண்டோஸின் குற்றம் என்று நினைத்திருந்தேன். பேட்டரி உப்பவில்லை, ஆனால் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை, எனவே கழற்றி வைத்துவிட்டேன். டிஸ்க்கைச் சோதித்ததில் பழுதான பகுதிகள் காட்டுகிறது, அதில் சிறுவாணி அண்ணன்தான் வென்றார். 240 ஜிபி எஸ்எஸ்டியும் 2 ஜிபி ரேமும் வாங்குவதாக இருக்கிறேன். பிராசஸர் 64 பிட்தான்.

சிறுவாணி (கோவை):
32 பிட்டாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே முடிந்திருக்கும். பல லினக்ஸ்களுக்கு அடிப்படையான டெபியனே 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை விட்டுவிட்டது. சரி, வாங்குங்கள், ரேம் வாங்கும்போது டிடிஆர்3 வகைதானா என்பதோடு அதன் வோல்டேஜையும் பார்த்து வாங்குங்கள், 1.35 வோல்டுக்கு மட்டுமான மதர்போர்டுகளும் உண்டு. எஸ்எஸ்டியைப் பின்னாளில் வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அந்தச் செலவை நான் எதிர்க்கவில்லை. யூனிட்டில் வைத்தால் மாதம் ஒரு முறை அந்தப் பஞ்சை ஊதி எடுங்கள்.

கூடுதுறை (ஈரோடு):
நிறுவும் முன் பென்டிரைவிலிருந்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் தம்பி. வைஃபை எழும்பவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு டிரைவரைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

நொய்யல்கரை (திருப்பூர்):
வைஃபை எழும்பிவிட்டது. ஆனால் அக்கா இப்போதுதான் போனில் அழைத்து, கல்லூரிப் படங்களும் வளைகாப்புப் படங்களும் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருக்கின்றன, தொட்டால் தெரியும் என்றார். பழுதான பகுதிகள் உள்ள டிஸ்க்கிலிருந்து படங்களை எடுக்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும்?

சிறுவாணி (கோவை):
அதை உடனே அணைத்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் என்னைக் கூப்பிடுங்கள். அதுவரை எந்த லினக்ஸும் வேண்டாம்.