மூக்கடைப்புக்குச் செண்பகப்பூ கஷாயம் கொடுக்கலாமா?

கோத்தகிரி செல்வி:
எங்கள் வாசல் செண்பகம் பூத்துக் கொட்டுகிறது. அத்தை பூவை நல்லெண்ணெயில் காய்ச்சித் தலைவலிக்குத் தேய்ப்பார். சீனாவில் செண்பகத்தின் உறவு மரமான மக்னோலியாவின் மொட்டை மூக்கடைப்புக்குக் கொடுக்கிறார்களாமே? இந்தப் பனியில் பையனுக்கு மூக்கு திறக்கவே இல்லை.

கொடைக்கானல் வாசி:
வேண்டாங்க. அங்கே எடுப்பது மக்னோலியா பயோண்டி போன்ற வேறு இனங்களின் விரியாத மொட்டு. மேலெல்லாம் பட்டு ரோமம். தொண்டையை உறுத்தும் என்று துணியில் கட்டித்தான் கொதிக்கவைப்பார்கள். நம் செண்பகம் மக்னோலியா சம்பகா. ஒரே பேரினம் என்பதால் ஒரே மருந்தாகிவிடாது. குழந்தையை டாக்டரிடம் காட்டுங்க.

ஊட்டி மணி:
சித்த வைத்தியத்தில் செண்பகப்பூ உண்டு. அளவை வைத்தியர் சொல்லட்டும். அப்புறம், சோலையில் வெள்ளையாகப் பூக்கும் காட்டுச் செண்பகத்தைத் தயவுசெய்து பறிக்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் விட்டால் அதற்கு வேறு இடமில்லை.

கோத்தகிரி செல்வி:
சரிங்க, எண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளைக்கே டாக்டரிடம் போகிறோம்.