ஷெட்லாந்தில் காற்றோடு குடித்தனம்

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சில வருடம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் இருந்தேன். அதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: அவ்வளவு தூரத்தில் தனியாக எப்படி இருந்தீர்கள்? தூரம் உண்மைதான். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் மாலை கப்பல் ஏறினால் மறுநாள் காலைதான் ஷெட்லாந்தின் முக்கிய ஊரான லெர்விக் போய்ச் சேரலாம். சுமார் நூறு தீவுகளில் ஆள் குடியிருப்பது 16இல் மட்டும். மொத்த ஜனத்தொகையே 23,000 பக்கம்தான். ஆனால் தனிமை மட்டும் எனக்கு அங்கே வாய்க்கவே இல்லை.

குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் பக்கத்தில் ஓடுவதால் அந்த அட்சரேகைக்குக் குளிர் குறைவுதான். ஆளைப் படுத்துவது காற்று. காரை நிறுத்தும்போது அதன் முகம் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் பிடித்த கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் கீலோடு பிய்த்துவிடும். எங்கே நின்றாலும் ஐந்து கிலோமீட்டருக்குள் கடல் என்பதால், புயலுக்கு மறுநாள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்புப் படிந்திருக்கும். காற்று, உப்பு, ஆடு மூன்றும் சேர்ந்து மரம் என்று ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். அந்தக் காலத்தில் கோஸ் நாற்றைக்கூட வட்டமாகக் கல் அடுக்கிக் கட்டிய சுவருக்குள்தான் வளர்த்திருக்கிறார்கள். அந்தச் சுவர்கள் இன்னும் சரிவுகளில் நிற்கின்றன.

கப்பல் இரண்டு நாள் வராவிட்டால் கடையில் காய்கறி, பழத் தட்டுகள் காலி. யாரும் பதறுவதில்லை. எல்லார் வீட்டிலும் பெரிய ஃப்ரீசர் உண்டு, பாதி ஆடு அதில் கிடக்கும். உப்பு நீரில் ஊறவைத்து, கூரை விட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்திய ஆட்டுக்கறியும் உண்டு. அசல் நம்ம ஊர் உப்புக்கண்டம் மாதிரியே இருக்கும். உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் போட்டு அதில் சூப் வைப்பார்கள். முதல் வாய் வைத்ததுமே எனக்குப் பாட்டி வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டவர்களில் ஒரு பாட்டி எண்பதைத் தாண்டியவர். கம்பளி பின்ன உட்கார்ந்தால் இடுப்பில் தோல் பெல்ட் கட்டியிருப்பார். அதில் குதிரைமுடி அடைத்த ஒரு திண்டு, அதன் மேல் வரிசையாகத் துளைகள். ஊசியின் ஒரு முனையை ஒரு துளையில் செருகிவிட்டால் வலது கைக்குப் பாரமில்லை. விரல்கள் நூலை மட்டும் கவனித்தால் போதும். பூவேலை எத்தனை வண்ணமாகத் தெரிந்தாலும் ஒரு வரிசையில் இரண்டு நிறம்தான் ஓடும் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். அவருடைய அம்மா காலத்துப் பெண்கள் முதுகில் கரிமண் (நிலத்தில் வெட்டி, உலர்த்தி, விறகு போல எரிக்கும் மண்) கூடையைச் சுமந்துகொண்டு நடக்கும்போதே பின்னுவார்களாம். பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார். கை ஒரு நொடி நிற்காது.

இன்னொரு பெரியவர் பதினாறு வயதில் அண்டார்டிகா பக்கமுள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக்குத் திமிங்கில வேட்டைக் கப்பலில் போனவர். ஷெட்லாந்து ஆண்கள் நிறையப் பேருக்கு அது வாழ்க்கையில் முதல் சம்பளம். 1963இல் அந்தத் தொழில் முடிந்ததும் இவர் சரக்குக் கப்பலுக்கு மாறியிருக்கிறார். நான் தமிழ்நாடு என்றதும், "மெட்ராஸ் துறைமுகமா? சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளுமே!" என்றார். உலகத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள் என்று நாம் நினைக்கும் மனிதர்கள் நம்மைவிட அதிகமாக உலகம் பார்த்தவர்கள்.

2022 டிசம்பரைச் சொல்லியாக வேண்டும். ஈரப்பனி மின்கம்பியில் உறைந்து கனத்துக் கம்பிகள் அறுந்தன. ஆயிரக்கணக்கான வீடுகளில் கரண்ட் இல்லை. சில இடங்களில் பல நாள். லெர்விக்கில் அந்த மாத நடுவில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. முதல் நாள் மாலையே யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர். ஒரு கையில் கேம்ப் அடுப்பு, இன்னொரு கையில் மூடி போட்ட பாத்திரம். "எங்கள் வீட்டில் கரிமண் அடுப்பு எரிகிறது, வந்து படுத்துக்கொள்" என்றார். போனேன். அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் இருந்தன. மறுநாள் நான் பார்த்துக்கொண்ட ஒவ்வொரு முதியவர் வீட்டுக்கும் எனக்கு முன்பே யாராவது போய் வந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி நடந்ததில்லை அது. காற்றும் கடலும் எப்போது வேண்டுமானாலும் வழியை அடைத்துவிடும் ஊரில், பக்கத்து வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்பது பல் தேய்ப்பது போலத் தினசரிப் பழக்கமாகிவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. உங்கள் கார் எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றது என்பது ஊருக்கே தெரியும். ரகசியம் வேண்டும் என்பவர்களுக்குச் சரிப்படாது. பெரிய நோய் என்றால் அபர்தீனுக்கு விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். மூடுபனி இறங்கினால் விமானம் காத்திருக்கும், நாமும் காத்திருக்க வேண்டும். படிக்கப் போகும் பிள்ளைகளில் பலர் திரும்பி வருவதில்லை, அந்தப் பாட்டியின் பேரன்கள் உட்பட. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூனில் போனால் இரவு முழுதாக இருட்டவே இருட்டாது, கண்ணை மறைக்கத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பஃபின் பறவைகளைப் பார்க்கவும் அதுதான் பருவம். சம்பரா முனைக் கலங்கரை விளக்கத்துப் பாறைச் சரிவில் சில அடி தள்ளியே நிற்கும். மழையில் நனையாத கோட் வேண்டும். குடை கொண்டுபோவது வீண். ஆனால் என்னைக் கேட்டால் ஜனவரியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை லெர்விக்கில் இருங்கள். 'அப் ஹெலி ஆ' திருவிழா. சுமார் ஆயிரம் பேர் தீப்பந்தத்தோடு ஊர்வலம் வந்து, மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய, பழங்கால வைக்கிங் கடலோடிகளின் படகு மாதிரியைக் கொளுத்துவார்கள். அப்புறம் விடிய விடிய மண்டபம் மண்டபமாக ஆட்டம், பாட்டம், அந்த உப்புக்கறி சூப். 2023 முதல் லெர்விக் ஊர்வலத்தில் பெண்களும் சேரலாம். கப்பல், விமானம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நிறுத்தும் காற்று இந்த ஒன்றை மட்டும் நிறுத்துவதில்லை. மோசமான வானிலை என்று அதைத் தள்ளிவைக்க மாட்டார்கள். தங்க இடத்தை மட்டும் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். மண்டபத்துக்குள் போக டிக்கெட் வேண்டும், அதற்கு உள்ளூர்க்காரர் யாரையாவது கேளுங்கள், உதவுவார்கள்.