நேரடி விமானம் நடுவில் நின்றால்?

குன்னூரிலிருந்து

விமானச் சொற்களுக்குத் தமிழ் தேடும் அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

கோத்தகிரியில் டிக்கெட் ஏஜென்சி வைத்திருக்கும் நம் தம்பி நேற்று தொலைபேசியில் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். கட்டபெட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் கோவையிலிருந்து தில்லிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாராம். 'நேரடி விமானம்' என்று சொல்லியேதான் கொடுத்தார். விமானம் மும்பையில் இறங்கியது. பெரியவர் தில்லி வந்துவிட்டது என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பையையும் இறக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். பணிப்பெண் டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பி உட்காரவைத்தார். ஊர் திரும்பியதும் பெரியவர் ஏஜென்சிக்கே வந்து கேட்டது: "நடுவழியில் நின்ற வண்டிக்கு நேரடி என்று எந்த ஊரில் பெயர்?"

கேள்வி நியாயமானது. தம்பி சொன்னதும் பொய் இல்லை. விமான நிறுவனங்களின் பேச்சில் 'டைரக்ட்' வேறு, 'நான்ஸ்டாப்' வேறு. கிளம்பிய ஊரிலிருந்து சேரும் ஊர்வரை ஒரே விமான எண்ணில் போனால் அது டைரக்ட். நடுவில் எத்தனை ஊரில் இறங்கினாலும் அந்தப் பெயர் போகாது. எங்கும் தரை தொடாமல் போனால்தான் நான்ஸ்டாப். ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் கியூஎஃப் 1 சிட்னியில் கிளம்பிச் சிங்கப்பூரில் இறங்கி லண்டன் போகிறது, எண் ஒன்றுதான். அதே நிறுவனம் 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு விட்ட விமானமோ 14,498 கிலோமீட்டரைச் சுமார் 17 மணி நேரத்தில் ஒரே மூச்சில் கடந்தது. நம் நாளிதழ்கள் இரண்டையும் 'நேரடி விமானம்' என்றே எழுதுகின்றன.

குழப்பத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. விமானம் என்ற ஒரே சொல்லைப் பொறிக்கும் பயணத்துக்கும் சேர்த்து வைத்திருக்கிறோம். 'எத்தனை மணிக்கு விமானம்?' என்றால் பயணம். 'விமானத்தைக் கழுவுகிறார்கள்' என்றால் பொறி. ஆகவே பயணத்துக்குப் 'பறப்பு' என்று வைத்துக்கொண்டு பேசுவோம். ஈழத்தில் புழங்குகிற சொல்தான்.

இளையவர்களுக்காக ஒன்று. நடுவில் நிற்பதுதான் ஒரு காலத்தில் வழக்கம். 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஊர் ஊராக இறங்கி இறங்கிப் போய் நான்காம் நாள் சேர்ந்தது. பயணிகள் 29 பேர். ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டபோது கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கித்தான் போயிற்று.

நான் முதலில் ஏறியதும் அப்படி ஒன்றில்தான். கோவையிலிருந்து சென்னைக்கு, பெங்களூர் வழி. பெங்களூரில் பாதிப் பேர் இறங்கினார்கள். எஞ்சின் அடங்கியதும் தலைக்கு மேலிருந்த காற்றுத் துளையும் அடங்கியது. கதவு வழியாக மண்ணெண்ணெய் வாடை வந்தது. எரிபொருள் வண்டி இறக்கைக்குக் கீழே வந்து நின்றவுடன், "இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள்" என்று அறிவித்தார்கள். ஏறும்போது கட்டு, கட்டு என்றவர்கள் நின்றபின் அவிழ் என்கிறார்களே என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். எரிபொருள் ஏற்றும்போது தீப்பிடித்தால் எழுந்து ஓடுவதற்கு என்றார். அதன்பின் அந்த அரை மணி நேரமும் எனக்கு நிம்மதியாகப் போகவில்லை. பணிப்பெண் ஒருவர் கட்டைவிரலால் ஒரு சிறு கருவியைத் தட்டித் தட்டி, மிச்சம் இருந்த தலைகளை எண்ணிக்கொண்டு போனார்.

அந்த அரை மணி நேரத்துக்குத் தமிழில் என்ன பெயர்? அதுதான் எனக்கு வேண்டும். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாக வரும்.

---

கோத்தகிரியிலிருந்து

ஐயா, வாடிக்கையாளர் முன்னால் வாயில் நுழைகிற சொல்லாக இருக்கட்டும். பஸ் போர்டில் 'குன்னூர் வழி', 'கோத்தகிரி வழி' என்று எழுதுகிறோமே, அதை வைத்து 'வழிப்பறப்பு' என்றால் என்ன? நான்கு எழுத்துக்கு மேல் போனால் என் ரசீதில் இடம் இல்லை. (இது ஏழு. பரவாயில்லை.)

---

உதகையிலிருந்து

அண்ணா, வணக்கம்.

நான்ஸ்டாப்புக்கு நாம் மூளையைக் கசக்க வேண்டாம். பஸ் கண்ணாடியில் 'இடைநில்லா' என்று ஒட்டியிருப்பதை மலையேறும் யாரும் படித்திருப்பார்கள். இடைநில்லாப் பறப்பு. டீ குடிக்க நிற்பது கணக்கில் வராது என்ற பஸ் சம்பிரதாயம் மட்டும் ஆகாயத்துக்கு வேண்டாம்.

நடுவில் நிற்பதற்குத்தான் வம்பு. 'இடைநிறுத்தம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் 'விமானச் சேவை இடைநிறுத்தம்' என்று தலைப்புப் போட்டால் சேவையே நின்றுவிட்டது என்று படிப்பார்கள். 'இடைநிற்றல்' பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளைக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் நானே அந்தப் படிவத்தை நிரப்புகிறேன். 'இடைத்தங்கல்' கொஞ்சம் ஒத்துவருகிறது, ஆனால் பாய் விரித்துப் படுக்கிற சாயல் இருக்கிறது.

'வழிப்பறப்பு' பற்றி: வேகமாகப் படித்தால் வழிப்பறி. சீசன் நேரத்து டிக்கெட் விலைக்கு அது பொருத்தம்தான். அகராதிக்கு வேண்டாம், தம்பி.

---

கூடலூரிலிருந்து

ஐயாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் வணக்கம். குழுவில் நான் அதிகம் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்தில் விமானம் என்றாலே நாடுகாணி இறங்கி, நிலம்பூர் வழியாகக் கரிப்பூர் விமான நிலையம் போய் வளைகுடாவுக்கு ஏறுவதுதான். வழித்தட வரலாறு எல்லாம் உங்களிடம் படித்துத் தெரிந்துகொண்டவை.

'இடைத்தங்கல்' வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. நாங்கள் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். இலங்கைச் செய்திகளில் இன்றும் வெள்ளத்தில் வீடிழந்தவர்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம் 'இடைத்தங்கல் முகாம்'. எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல்லின் முதல் பாதி கேட்டாலே இரண்டாம் பாதியும் காதில் விழும். அதை விமான டிக்கெட்டில் அச்சடித்துப் பார்க்க எனக்கு மனம் இல்லை.

அங்கே இன்னொரு சொல் இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்குப் பஸ் தரிப்பிடம். கார் நிறுத்தும் இடத்துக்கு வாகனத் தரிப்பிடம். அம்மா இன்றும் கூடலூர் பஸ் ஸ்டாண்டைத் தரிப்பிடம் என்றுதான் சொல்கிறார். போகிற வண்டி, போகப் போகிற வண்டி, நடுவில் கொஞ்சம் நிற்கிறது. அது தரிப்பு. உங்கள் பெங்களூர் அரை மணி நேரம் தரிப்புத்தானே, ஐயா?

இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் பறப்பே அப்படிப்பட்டதுதான்: 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து ஒரு டக்கோட்டா விமானம், காங்கேசன்துறையில் தரித்து, சென்னைக்கு.

---

உதகையிலிருந்து

தம்பி, நல்ல சொல். ஆனால் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் போய் 'விமானத் தரிப்பு' என்று கரும்பலகையில் எழுதினால் கடைசி பெஞ்சு 'கருத்தரிப்பு' என்று முடிக்கும். நம் பக்கத்தில் தரிப்பு என்றால் ஒன்று வயிற்றில், இல்லையென்றால் மாலை தரிப்பது, நகை தரிப்பது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தரித்தலுக்கு நிலைத்து நிற்றல், தாங்குதல் என்ற பொருளும் பழையதுதான். பகைவரைத் 'தரியலர்' என்றார்கள். எதிர்நின்று தாங்க மாட்டாதவர்கள். 'ஒரு இடத்தில் தரிக்க மாட்டான்' என்று ஓடித் திரிகிற பையனை இன்றும் சொல்கிறோம். ஆக, வெளியிலிருந்து இறக்குமதி செய்கிற சொல் இல்லை. நாம் வயிற்றோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் சாலைக்கும் கொண்டுபோனார்கள். கடைசி பெஞ்சு ஒரு வாரம் சிரிக்கும், பிறகு மறந்துவிடும். என் ஓட்டு தரிப்புக்கு.

---

குன்னூரிலிருந்து

டீச்சரே இறங்கிவந்தபின் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் சொல் கிடைத்தவுடன் எல்லாவற்றுக்கும் அதையே பூசிவிட்டால், 'நேரடி'க்கு நேர்ந்த கதிதான் இதற்கும் நேரும். எது தரிப்பு, எது இல்லை என்று கோடு கிழித்துவிடுவோம்.

என் கோடு இது: தரிப்பது விமானம், தங்குவது பயணி. சிங்கப்பூரில் இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வேறொரு நாள் விமானம் ஏறுகிறவர் தரிக்கவில்லை, தங்குகிறார். பன்னாட்டு டிக்கெட் விதிகளில் 24 மணி நேரத்தைத் தாண்டினால் பொதுவாக அது 'ஸ்டாப்ஓவர்', கட்டணமே மாறலாம். அதற்குப் 'பயணத் தங்கல்' போதும். அதற்குள் விமானம் மாறிப் போனால் அது 'மாற்றிடை'. இது என் பழைய சொல். நான்கு வருடமாக யாரும் எதிர்க்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை.

தரிப்பிலும் இரண்டு வகை உண்டு. மும்பையில் ஆள் இறங்கி ஆள் ஏறியது ஒன்று. யாரும் ஏறாமல், இறங்காமல், எரிபொருளுக்கோ பணியாளர் மாறவோ மட்டும் நிற்பது இன்னொன்று. இரண்டாவது சட்டத்திலேயே தனி. பன்னாட்டு வான்பயணம் பற்றிய 1944 சிகாகோ உடன்படிக்கையின் 96ஆம் பிரிவு அதை வரையறுக்கிறது: பயணிகளையோ சரக்கையோ தபாலையோ ஏற்றவும் இறக்கவும் அல்லாத வேறு காரணத்துக்காகத் தரையிறங்குவது. நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் பறக்கும் உரிமைகளை 'வான்வெளிச் சுதந்திரங்கள்' என்பார்கள். அவற்றில் இரண்டாவது இந்த உரிமைதான். ஒரு நாடு இதைக் கொடுத்துவிட்டு, தன் ஊரில் பயணிகளை ஏற்றும் உரிமையை மறுக்கலாம். பேரம் நடக்கும் இடம் அது. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல் இல்லையென்றால், எந்த நாட்டோடு எந்த விமான ஒப்பந்தம் என்று நம் மொழியில் எழுதவே முடியாது.

நமக்கு இது புரியாத விஷயமும் இல்லை. நம் நீலகிரி மலை ரயில் நடுவழியில் ஹில்குரோவ் நிலையத்தில் நிற்பது எதற்கு? எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க. நாம் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம், குரங்குக்குப் பிஸ்கட்டைப் பறிகொடுக்கிறோம். ஆனால் அங்கே பயணத்தை முடித்து வீட்டுக்குப் போகிறவர் எவரும் இல்லை. அதே ரயில் குன்னூரில் நிற்பது வேறு ஜாதி நிற்றல். ஆள் இறங்குகிறது, ஆள் ஏறுகிறது, பின்னாலிருந்து தள்ளிவந்த நீராவி எஞ்சின் கழன்று டீசல் பூட்டப்படுகிறது. ரயிலின் எண் மட்டும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை ஒன்று.

ஹில்குரோவ் வகைக்கு 'வெறுந்தரிப்பு' என்கிறேன். 'எரிபொருள் தரிப்பு' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பணியாளர் மாற நிற்பது அதில் அடங்காது. 'தொழில்நுட்பத் தரிப்பு' என்பது 'டெக்னிகல் ஸ்டாப்' என்ற ஆங்கிலத்துக்குத் தமிழ் உடுப்பு மாட்டியதுதான். கோளாறாகி நின்றது என்று பயணி பயந்துபோவார்.

எல்லை சற்று மங்கும் இடமும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009 முதல் 2020 வரை லண்டன் சிட்டி நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு, 32 இருக்கைகள் மட்டும் போட்ட ஏ318 விமானத்தை விட்டது. அங்கே ஓடுபாதை 1,508 மீட்டர்தான். முழு எரிபொருளோடு எழும்ப முடியாது. ஆகவே அயர்லாந்தின் ஷானனில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டார்கள். சும்மா நிற்பானேன் என்று, பயணிகளை இறக்கி அமெரிக்கக் குடிவரவுச் சோதனையையும் அங்கேயே முடித்துவிட்டார்கள். இறங்கினார்கள், ஆனால் அதே ஆட்கள்தான் மறுபடி ஏறினார்கள். வெறுந்தரிப்பு என்றே கொள்ளலாம் என்பது என் கட்சி. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போது அது இடைநில்லாப் பறப்பு. ஓடுபாதை சிறியதாக இருப்பது எழும்பும்போதுதான் எரிபொருளைத் தடுக்கும்.

இனி டைரக்ட். 'ஓரெண் பறப்பு' என்கிறேன். என் மொட்டைமாடியில் 1090 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். விமானங்கள் தாமே அறிவித்துக்கொண்டு போகிற அழைப்புக்குறியும் உயரமும் அதில் விழும். மேற்கே தொட்டபெட்டா மறைக்கிறது. தெற்கும் கிழக்கும் தாராளம். இப்படிப்பட்ட பறப்பு கோவைக்கு வந்தால், தாழ்ந்து தாழ்ந்து திரையில் காணாமல் போகும். முக்கால் மணி கழித்து அதே எண்ணோடு பீளமேட்டிலிருந்து எழும்பும். அதன் அடையாளமே அந்த எண்தான். நேராகப் போகிறதா என்பது அல்ல.

'நேரடி'யைப் பேச்சில் யாராலும் ஒழிக்க முடியாது, முயலவும் வேண்டாம். டிக்கெட்டிலும் நம் கட்டுரைகளிலும் மட்டும் அதைத் தவிர்ப்போம்.

---

கோத்தகிரியிலிருந்து

ஐயா, இன்று காலை மூன்று ரசீதில் 'ஓரெண் பறப்பு, தரிப்பு 1: ஹைதராபாத், இறங்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாமவர் தரிப்பு என்றால் என்ன என்று கேட்டார், சொன்னதும் தலையாட்டினார். 'ஓரெண்' தான் இன்னும் வாயில் ஒட்டவில்லை. 'ஒரே எண்' என்று பிரித்துச் சொல்கிறேன். வெறுந்தரிப்பு என் கடைக்குத் தேவைப்படாது, அது உங்கள் ஒப்பந்தக் கட்டுரைகளுக்கு.

ஆனால் வேறொரு தலைவலி. எண் ஒன்றே, நடுவில் விமானம் மட்டும் மாறுகிறது. பெரியதிலிருந்து இறக்கிச் சின்னதில் ஏற்றுகிறார்கள். அதற்கு நான் 'இறங்க வேண்டாம்' என்று எழுதினால் ஆள் நடுவழியில் மாட்டிக்கொள்வார். இதற்கு என்ன சொல்வது?

---

குன்னூரிலிருந்து

அதை ஆங்கிலத்தில் 'சேஞ்ச் ஆஃப் கேஜ்' என்பார்கள். ரயில்வேயிலிருந்து போன பேச்சு. அகலப் பாதை வண்டியிலிருந்து இறங்கி மீட்டர் பாதை வண்டிக்கு மாறுவது. நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிற நமக்கு விளக்க வேண்டியதில்லை. 'பொறிமாற்றம்' என்றால் மெக்கானிக் வேலைபோல் ஒலிக்கிறது. 'ஊர்திமாற்று' என்று கூடலூர்த் தம்பி தனிமடலில் சொன்னார். எனக்குப் பாதி மனம்தான். ஞாயிற்றுக்கிழமை வரை யோசித்து எழுதுங்கள். அதுவரை கோத்தகிரி ரசீதில் 'எண் மாறாது, விமானம் மாறும்' என்று முழு வாக்கியமாகவே இருக்கட்டும்.