மேலவீதி குடும்பம் (குரூப்)

பெரியப்பா: எல்லாரும் கவனிக்கவும். பாகப்பிரிவினை டிராஃப்ட்ல இருக்கறது ரவிக்கு எப்படி தெரிஞ்சுது? நான் யாருக்கும் காட்டல. மாடில குடியிருக்கற பையன் கம்பி கம்பியா ஆன்டெனா வச்சிருக்கான். கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல இருக்கறத காத்துலயே புடிக்கலாமாமே

மாலா அத்தை: அண்ணா அது ஹாம் ரேடியோ, பொழுதுபோக்குக்கு ரேடியோல பேசறது. லைசென்ஸ் காட்டினானே

ரவி சித்தப்பா: 😂😂

கார்த்தி: பெரியப்பா விஷயம் நெஜம்தான், 1985லயே ஹாலந்துல விம் வான் எக்னு ஒருத்தர் சாதாரண டிவி செட்ட வச்சே பக்கத்து கட்டடத்து மானிட்டர்ல ஓடறத படிக்கலாம்னு பேப்பர் போட்டாரு, பிபிசிகாரங்களோட சேந்து லண்டன் தெருவுல வேன நிறுத்தி செஞ்சும் காமிச்சாங்க, அது பழைய டியூப் மானிட்டர், ஆனா எல்சிடி வந்தப்புறமும் விடல, ஸ்கிரீனுக்கு போற ஒயரே ரேடியோ அலைய வெளிய கசிய விடும், அத 2004ல கேம்பிரிட்ஜ்ல மார்க்கஸ் குன்னு ஒருத்தர் புடிச்சு காமிச்சாரு

விஜி: கார்த்தி ஆரம்பிச்சுட்டான்

மாலா அத்தை: ஞாயித்துக்கிழமை சாப்பாடு யாரு சொல்றது

பெரியப்பா: அப்ப முடியும்ங்கற

கார்த்தி: முடியும், ஆனா லேசில்ல. 2024ல உருகுவேல மானிட்டருக்கு போற ஹெச்டிஎம்ஐ கேபிள்லேந்து கசியறத ஏஐ வச்சு படிச்சாங்க, அதுலயே 100 எழுத்துக்கு 30 கிட்ட தப்பு

ரவி சித்தப்பா: அப்ப எனக்கு போட்ட 3 சென்ட் நெசத்துல 8 சென்ட்டா இருக்கும்

பெரியப்பா: ரவி, குரூப்ல வேண்டாம். அப்பா இருந்தப்பவே பேசி முடிச்சது

ரவி சித்தப்பா: யாரோட பேசி

கார்த்தி: 2006ல ஹாலந்து ஓட்டு மிஷின்லயும் இதே பிரச்சன, ஒரு கட்சி பேர்ல ஒரு எழுத்து தலைல சின்ன கோடு இருக்கும், அது வந்தா ஸ்கிரீனோட அலையே மாறும், வெளில ரேடியோவ வச்சுகிட்டே அந்த கட்சிக்கு ஓட்டு விழுந்தத கண்டுபுடிச்சிடலாம், கவர்மென்டு இதே கசிவுக்காக இன்னொரு கம்பெனி மிஷினயே தடை பண்ணி ஆம்ஸ்டர்டாம்ல பேப்பரும் பென்சிலுமா ஓட்டு போட்டாங்க

சேகர் மாமா: நம்ம ஊர் மிஷின் மட்டும் என்னவாம்

மாலா அத்தை: மாமா அரசியல் வேண்டாம் ப்ளீஸ், போன தேர்தலுக்கு நடந்ததே போதும்

விஜி: பெரியப்பா ஒரு நிமிஷம். பிரிண்ட் எங்க எடுத்தீங்க

பெரியப்பா: பஸ் ஸ்டாண்டு செராக்ஸ் கடைல. அவன் நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ஏன்

விஜி: யாருக்கும் காட்டலன்னீங்க 🙏 அவன் கம்ப்யூட்டர்ல ஊர் மொத்த பத்திரமும் தொறந்தே கெடக்கும்

ரவி சித்தப்பா: நான் ஆதார் செராக்ஸ் எடுக்கத்தான் போனேன்

மாலா அத்தை: 😳

ரவி சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியப்பா: என்ன அழிச்ச

சேகர் மாமா: நான் பாத்துட்டேன்

பெரியப்பா: இருக்கட்டும். கார்த்தி, மானிட்டர் ஒயருக்கு அலுமினிய பேப்பர் சுத்தினா போதுமா

கார்த்தி: அதுக்கு நெறய இருக்கு பெரியப்பா, ரூமுக்கே கவசம் போடுவாங்க, வாய்ஸ் மெசேஜ் போடறேன்

விஜி: ஐயோ

மாலா அத்தை: பதினஞ்சு பேரா இருபது பேரா அத சொல்லுங்க மொதல்ல. ரவி நீ வரியா இல்லையா